பதினேழு ‘சரிங்க’

தூதரகப் பணிக்குக் கிளம்பும் நீங்கள் ஒன்பது பேரும் சேர்ந்து எழுதிய கடிதம் கிடைத்தது. ஒரு பக்கக் கடிதம்தான். அதில் ‘வெளியுறவுக் கொள்கை’ என்ற சொல் ஆறு இடங்களில் வருகிறது. ஆள் என்றோ மனிதர் என்றோ ஓரிடத்திலும் இல்லை. குறை சொல்வதற்காக எண்ணவில்லை. எதைப் பார்த்தாலும் எண்ணுவது எனக்குப் பழக்கம். கம்பைநல்லூரில் என் வீட்டு வாசலிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை நானூற்றுப் பன்னிரண்டு எட்டு. இடையில் மூன்று வேகத்தடைகள். மூன்றாவது எதற்காக இருக்கிறது என்று பேரூராட்சிக்கு நான்கு மனு போட்டுவிட்டேன். பதில் வரவில்லை.

பேச்சுவார்த்தை மேசையில் கற்றதை எழுதச் சொல்கிறீர்கள். முப்பத்தோரு ஆண்டுகளில் ஆறு நாடுகளில் இருந்தேன். அந்த மேசையில் ஒரு நாளும் நான் உட்கார்ந்ததில்லை. உட்காருகிறவர்களுக்குப் பின்னால் சுவரோரமாக ஒரு வரிசை நாற்காலி போட்டிருப்பார்கள். கோப்பும் தண்ணீர்ப் புட்டியும் வைத்துக்கொண்டு அதில் உட்காருவோம். உங்களில் எட்டுப் பேர் ஓய்வு பெறும்வரை அந்த நாற்காலியில்தான் இருக்கப் போகிறீர்கள். ஒன்பதாமவர் யார் என்று எனக்குத் தெரியாது. அதற்காக யாரும் வருத்தப்பட வேண்டாம். நான் செய்த பெரிய தவறு மேசையிலும் நடக்கவில்லை, நாற்காலியிலும் நடக்கவில்லை. ஒரு காவல் நிலையத்தில், இருபத்திரண்டு நிமிடத்தில் நடந்தது. அதைத்தான் எழுதுகிறேன். மற்றவை உங்கள் பயிற்சிப் புத்தகத்தில் இருக்கும். அதுவும் எனக்கு வந்தது. பக்க எண்கள் நாற்பதிலிருந்து நாற்பத்து மூன்றுக்குத் தாவுகின்றன. யாரிடமாவது சொல்லுங்கள்.

அது ஒரு வளைகுடா நாடு. பெயர் வேண்டாம். தவறு என்னுடையது, அந்த நாட்டினுடையது அல்ல. எங்கள் தூதரகத்தில் தொழிலாளர் நலப் பிரிவில் இருந்தேன். அங்கே வேலை பார்க்கும் நம்மவர்களுக்காக இரு நாடுகளும் ஓர் ஒப்பந்தம் போட இரண்டு ஆண்டுகளாகப் பேசிக்கொண்டிருந்தன. இருபத்து மூன்று வரைவுகள் போய் வந்திருந்தன. கடைசிச் சுற்றுக்காக தில்லியிலிருந்து குழு வருவதற்கு முந்தின நாள் அது. என் கையில் இருந்த வேலைப் பட்டியலில் இருபத்தாறு இனங்கள். பத்தொன்பதாவது இனம், சின்னப்பன்.

சின்னப்பனுக்கு முப்பத்தெட்டு வயது. ஒரு கட்டுமானப் பணியிடத்தின் கிடங்கில் வேலை. அங்கிருந்து செப்புக் கம்பிச் சுருள் பதினான்கு காணாமல் போயிருந்தன. கிடங்குச் சாவி அவரிடம் இருந்ததால் அவரைக் கைது செய்திருந்தார்கள். தகவல் வந்த காகிதத்தில் ஊர்ப் பெயரைப் பார்த்தேன். கம்பைநல்லூரிலிருந்து உள்ளே பிரியும் சாலையில், நான் படித்த பள்ளிக்கூடத்திலிருந்து ஆறு கிலோமீட்டர்.

நம் நாட்டவர் ஒருவர் வெளிநாட்டில் கைதானால் அவரைப் போய்ப் பார்க்கும் உரிமை தூதரகத்துக்கு உண்டு. நலமாக இருக்கிறாரா, வழக்கு என்ன, வக்கீல் உண்டா, வீட்டுக்குச் சொல்லியாயிற்றா என்று பார்க்கத்தான் போகிறோம். வேறு எதற்காகவும் போவதில்லை. இந்த வரி உங்கள் புத்தகத்திலும் இருக்கிறது. நானும் படித்துவிட்டுத்தான் போனேன்.

விசாரணை அதிகாரி நல்ல மனிதர். காபி கொடுத்தார். தங்கள் மொழிபெயர்ப்பாளர் விடுப்பில் இருப்பதாகவும், வர நான்கு நாள் ஆகும் என்றும் சொன்னார்.

“நீங்கள் இவருடைய மொழி பேசுகிறீர்கள். இன்றே வாக்குமூலம் முடிந்தால் இந்த வாரமே நீதிமன்றத்துக்குப் போய்விடும். இவருக்கும் நல்லது.”

எனக்கும் நல்லது என்று பட்டது. பத்தொன்பதாவது இனத்தை அடித்துவிட்டு இருபதுக்குப் போகலாம்.

சின்னப்பனைக் கூட்டி வந்தார்கள். எதிரில் உட்கார்ந்தவர் என் பேச்சைக் கேட்டதும் நிமிர்ந்தார்.

“சாரு நம்ம பக்கங்களா?”

“கம்பைநல்லூருங்க.”

“அப்பக் கவலையில்லீங்க,” என்றார். கைகளை மேசைமேல் எடுத்து வைத்துக்கொண்டார்.

அதிகாரி குற்றச்சாட்டை ஒவ்வொரு வரியாகப் படித்தார். நான் தமிழில் சொன்னேன்.

“சாவி உங்ககிட்டதான் இருந்துச்சுன்னு சொல்றாங்க.”

“சரிங்க.”

“வியாழக்கிழமை சாயங்காலம் கிடங்கைத் தொறந்தது நீங்கதான்னு சொல்றாங்க.”

“சரிங்க.”

“பதினாலு சுருளையும் வண்டியில ஏத்திவிட்டது நீங்கதான்னு சொல்றாங்க.”

“சரிங்க.”

இப்படிப் பதினேழு வரிகள். பதினேழுக்கும் நான் அரபியில் ‘ஆம்’ என்றேன். அதிகாரி எழுதிக்கொண்டார். சின்னப்பனால் அந்த எழுத்தைப் படிக்க முடியாது. என் முகத்தைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். கையெழுத்துப் போட்டார். மொழிபெயர்ப்பு சரி என்று கீழே நானும் போட்டேன். கோப்பை மூடிவிட்டு எழுந்தேன். அவர் பாதி எழுந்து, ஒரு கையை லேசாக உயர்த்தினார்.

“சாரு…”

“எல்லாம் முடிஞ்சிருச்சுங்க. வூட்டுக்கு நான் சொல்லிடறேன்.”

“சரிங்க,” என்றார்.

இது பதினெட்டாவது. வாக்குமூலத்தில் இல்லை.

மூன்று வாரத்தில் தீர்ப்பு வந்தது. குற்றத்தை அவரே ஒப்புக்கொண்டிருந்ததால் அதிகம் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு ஆண்டு. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. நம் ஊர்க்காரர் இப்படிச் செய்துவிட்டாரே என்ற வருத்தம். ஒப்பந்தப் பேச்சு நன்றாகப் போனது. கையெழுத்துக்கு நாள் குறித்தார்கள்.

அந்த நாட்டில் பெருநாளை ஒட்டிச் சிலருக்குத் தண்டனையைக் குறைத்து விடுதலை செய்வார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டு குடும்பத்தார் கருணை மனு கொடுக்க வேண்டும். பட்டியல் மூடப் பதினோரு நாள் இருந்தபோது என் அக்கா மகள் வளைகாப்புக்காக நான் ஒரு வார விடுப்பில் கிளம்பினேன். எங்கள் தூதர் ஒரு பெண்மணி, வடக்கே பிறந்தவர். மனுப் படிவத்தை என் கையில் கொடுத்து, “உங்கள் ஊர்ப் பக்கம்தானே, நீங்களே மனைவியிடம் கையெழுத்து வாங்கி வாருங்கள்,” என்றார். அப்போது நான் சொன்னதும் “யெஸ் மேடம்” தான். இதை நினைவில் வையுங்கள்.

சின்னப்பனின் மனைவி பெயர் செசிலி. நான் போனபோது வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தார். கம்பைநல்லூர் மண்டியிலிருந்து புளி வரும். வீட்டில் வைத்துக் கொட்டை எடுத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பக்கத்தில் கொட்டை ஒரு குவியல், சதை ஒரு குவியல். ஒரு நாற்காலியைக் காட்டினார்.

“வாங்க சாரு. ஒக்காருங்க. கை புளியா இருக்குது, தப்பா நெனச்சுக்காதீங்க.”

அவருக்கு விவரம் தெரியும். சிறையிலிருந்து சின்னப்பன் இரண்டு முறை போனில் பேசியிருந்தார். நான் படிவத்தை எடுத்து விளக்க ஆரம்பித்தேன். அவர் வேலையை நிறுத்தாமல் கேட்டார்.

“பெருநாளுக்கு மன்னிப்புக் குடுப்பாங்கம்மா. அதுக்கு மனுப் போடணும்.”

“சரிங்க.”

“அவரு செஞ்சது தப்புதான்னு ஒத்துக்கிட்டு, குடும்பத்துக்காக மன்னிச்சுருங்கன்னு நாம கேக்கறோம்.”

“சரிங்க.”

“வெளிய வந்ததும் நேரா ஊருக்கு அனுப்பிடுவாங்க. மறுபடி அந்த நாட்டுக்குப் போக முடியாது.”

“சரிங்க.”

“இங்கயும் இங்கயும் ரெண்டு கையெழுத்து.”

“சரிங்க.”

பேனாவை நீட்டினேன். அவர் ஒரு புளியை எடுத்துக் கல்லில் வைத்துத் தட்டினார். கொட்டை தெறித்து என் செருப்பருகே விழுந்தது. இன்னொரு புளியை எடுத்தார். பேனாவை நீட்டியபடியே நான் உட்கார்ந்திருந்தேன். ஐந்து புளி ஆயிற்று.

“கையெழுத்தும்மா,” என்றேன்.

“போட மாட்டேனுங்க.”

“சரின்னு சொன்னீங்களே?”

“எப்பங்க?”

“இப்பத்தான். நாலு தடவை சொன்னீங்க.”

அவர் கல்லைக் கீழே வைத்தார். “சாரு சொன்னதக் கேட்டுக்கிட்டேன்னு சொன்னேனுங்க. போடறேன்னு எப்பச் சொன்னேன்? ஒருத்தரு பேசயில குறுக்க பேசக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டிருந்தேன். திருடன்னு நானே எழுதிக் குடுத்து எம்புருசனக் கூட்டியாரதுங்களா? அது எடுக்கலீங்க. போன்ல சொல்லுச்சு. ரெண்டு வருசமின்னா ரெண்டு வருசம் புளி தட்றேன் போங்க.”

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“சாருக்கு எந்தூருன்னு சொன்னீங்க?”

“கம்பைநல்லூரு.”

“கம்பைநல்லூர்ல பிராது எப்படிங்க கேப்பாங்க? எங்கூர்ல ஒருத்தரு பிராது சொன்னா, எதிராளு முழுசாக் கேட்டுக்கோணும். சரிங்க, சரிங்கன்னு கேட்டுக்கோணும். எல்லாம் முடிஞ்ச பொறவு, இப்ப நீ சொல்லுப்பான்னுவாங்க. அப்பத்தான் வாயத் தொறக்கோணும். கம்பைநல்லூர்ல வேற மாதிரிங்களா?”

கம்பைநல்லூரில் வேறு மாதிரி இல்லை. என் அப்பா இரண்டு பிராதுகளில் எதிராளியாக இருந்திருக்கிறார். இரண்டையும் நான் பக்கத்தில் நின்று பார்த்தவன். முதல் பிராது முடியும்வரை அவர் சரிங்க என்பதைத் தவிர ஒரு சொல் பேசவில்லை. பேச ஆரம்பித்தபின் முக்கால் மணி நேரம் நிறுத்தவில்லை. அந்தச் சொல்லை வெளிநாட்டில் வாழ்ந்த ஆண்டுகளில் நான் மறந்துவிட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது. தினமும் அதைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். அடுத்தவர் வாயிலிருந்து வந்தபோது மட்டும் ‘ஆம்’ என்று எழுதிவிட்டேன்.

பையில் வாக்குமூலத்தின் நகல் இருந்தது. அங்கேயே எடுத்துப் பார்த்தேன். பதினேழு ஆம். இல்லை என்று ஒன்றுகூட இல்லை. யோசித்துப் பாருங்கள். குற்றம் செய்தவனாக இருந்தாலும் பதினேழில் ஒன்றுக்காவது இல்லை என்பான். எல்லாவற்றையும் எண்ணுகிறவன் என்று பெயர் எடுத்த நான் அன்றைக்கு இதை எண்ணவில்லை.

பேருந்து நிறுத்தத்தில் நின்று தூதரை அழைத்தேன். அரூர் போகும் வண்டி ஒலி எழுப்பிக்கொண்டே இருந்ததால் இரண்டு தடவை சொல்ல வேண்டியதாயிற்று. அவர் முழுவதையும் கேட்டார். பிறகு கேட்டார்:

“எத்தனை தடவை?”

“பதினேழு.”

“நீங்கள் என்னிடம் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை ‘யெஸ் மேடம்’ என்கிறீர்கள். அதில் பாதியை நீங்கள் செய்வதே இல்லை. மூன்று வருடமாக உங்களைச் சோம்பேறி என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்.”

“அது யெஸ் இல்லை மேடம். கேட்டுக்கொண்டேன் என்பதுதான்.”

“இப்போது தெரிகிறது,” என்றார். “சரி, இனி என்ன செய்யப் போகிறீர்கள்?”

நிலைமையை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் மொழிபெயர்த்துக் கையெழுத்திட்ட வாக்குமூலத்தை நாங்களே தவறு என்று சொன்னால், அந்த நாட்டின் காவல் துறை, நீதிமன்றம் இரண்டின் முகத்திலும் அடித்ததாக எடுத்துக்கொள்ளலாம். ஒப்பந்தக் கையெழுத்துக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. அந்த ஒப்பந்தம் ஒரு சின்னப்பனுக்கானது அல்ல. அங்கே இருக்கும் எல்லாச் சின்னப்பன்களுக்குமானது. இன்னொரு வழியும் இருந்தது. செசிலியிடம் இன்னும் இரண்டு முறை போய், பயமுறுத்திக் கொஞ்சம் பேசினால் கையெழுத்துக் கிடைத்திருக்கலாம். சின்னப்பன் பெருநாளுக்கே வெளியே வந்திருப்பார், திருடன் என்ற பெயரோடு. யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. இந்த வழியைப் பற்றியும் பேருந்து நிறுத்தத்தில் நின்று யோசித்தேன் என்பதை மறைக்கவில்லை.

“மனைவியின் பதில் கிடைத்துவிட்டது,” என்றார் தூதர். “சிறையில் இருப்பவர் அவர் அல்ல. கணவரைக் கேளுங்கள். இந்த முறை கேள்வியாகக் கேளுங்கள்.”

வளைகாப்பு முடிந்த மறுநாளே கிளம்பினேன். மூன்று நாள் விடுப்பு வீணானது. சிறையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சின்னப்பன். பதினைந்து நிமிடம்தான் கொடுத்தார்கள்.

“உங்களைக் கேக்கறேங்க. அந்தச் சுருளை நீங்க எடுத்தீங்களா?”

“இல்லீங்க.”

“அன்னிக்கே ஏங்க சொல்லல?”

“சாரு சொல்லி முடிச்சாத்தானுங்களே எம்மொற? முடிச்சதும் கேப்பீங்கன்னு இருந்தேன். நீங்க பைலை மூடிட்டு எந்திரிச்சிட்டீங்க.”

குற்றம் சொல்லும் குரல் இல்லை. நேரம் என்ன என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னார்.

இரண்டு வழியையும் விளக்கினேன். மனுப் போட்டால் பெருநாளுக்கு வெளியே வந்துவிடலாம். வழக்கை மறுபடி திறக்கக் கேட்டால் எத்தனை நாள் ஆகும் என்று என்னால் சொல்ல முடியாது, திறக்காமலும் போகலாம். இவ்வளவும் சொல்லி, “சரிங்களா?” என்று கேட்க வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன். “எது வேணுங்க?” என்று கேட்டேன்.

“எங்கூட்ல என்னங்க சொல்லுச்சு?”

“கையெழுத்துப் போட மாட்டேன்னாங்க.”

“அப்பறம் என்னத்தக் கேக்கறீங்க,” என்று சிரித்தார். “அத மீறி நான் வூட்டுக்குப் போயி என்னங்க பண்றது?”

அன்று மதியம் குறிப்பு எழுத உட்கார்ந்தேன். முதல் வரைவில் ‘மொழிபெயர்ப்பில் பிழை நேர்ந்திருப்பதாகத் தெரிய வருகிறது’ என்று எழுதினேன். தூதர் திருப்பி அனுப்பினார். இரண்டாவதில் ‘தூதரகத்தின் தரப்பில் பிழை’ என்றேன். அதுவும் திரும்பி வந்தது. மூன்றாவதில் வாக்கியத்தை இன்னும் நீளமாக்கினேன். நேரில் கூப்பிட்டார்.

“பிழை மழையைப் போலத் தானாகப் பெய்ததா? யார் செய்தது?”

“நான்தான்.”

“அதை எழுதுங்கள். அவர்களைக் குற்றம் சொல்லாமல் வழக்கைத் திறக்க வேறு வழி கிடையாது. குற்றவாளி ஒருவர் நம் பக்கம் இருந்தால், அவர்கள் பக்கம் யாரும் தேவையில்லை.”

நான்காவது வரைவு ஏழு சொற்களில் தொடங்கியது: வாக்குமூலத்தை நான் தவறாக மொழிபெயர்த்தேன், பிழை முழுவதும் என்னுடையது. கீழே என் பெயர். அந்தத் தாள் என் பணிக் கோப்பில் இன்னும் இருக்கிறது. அதற்குப் பிறகு எனக்கு வந்திருக்க வேண்டிய ஒரு பதவி வரவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று தெரியாது, கேட்கவும் இல்லை.

குறிப்பை எடுத்துக்கொண்டு அந்த நாட்டு வெளியுறவு அலுவலகத்துக்குத் தூதரோடு நானும் போனேன். இந்த முறை சுவரோர நாற்காலி இல்லை. விளக்க வேண்டியவன் நான் என்பதால் மேசை முனையில் ஓர் இடம் கொடுத்தார்கள். மேசையில் உட்கார்ந்ததே இல்லை என்று மேலே எழுதிவிட்டேன். அது பேச்சுவார்த்தை மேசையைச் சொன்னது. இதை யாரும் பேச்சுவார்த்தை என்று சொல்லவில்லை.

எதிரில் இருந்த அதிகாரி வயதானவர், மிகுந்த மரியாதைக்காரர். நான் சரிங்க என்ற சொல்லைப் பற்றிச் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மெதுவாகத் தலையசைத்து “தய்யிப்” என்றார். நல்லது, ஆகட்டும் என்று பொருள். அந்த ஊரில் எல்லோர் வாயிலும் நாள் முழுவதும் இருக்கும் சொல். நான் முடித்தபின் அவர் காபியைக் குடித்துவிட்டுப் பேசினார்.

“உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் அந்த மனிதர் ஒன்றல்ல, பதினேழு முறை சம்மதித்திருக்கிறார். ஒரு சொல்லுக்குச் சம்மதம் என்றும் பொருள், சம்மதமில்லை என்றும் பொருள் என்றால் எந்த நீதிமன்றம் நம்பும்?”

தூதர் என்னைப் பார்த்தார். தயாரித்துக்கொண்டு போன பதில்கள் மூன்று இருந்தன. மூன்றும் நீளமானவை. எனக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது வேறு. வழக்கம்போல எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

“ஐயா,” என்றேன், “நான் பேசியபோது நீங்கள் ஒன்பது முறை ‘தய்யிப்’ என்றீர்கள். வழக்கைத் திறக்கச் சம்மதித்துவிட்டீர்களா?”

வரம்பு மீறிவிட்டேன் என்றே நினைத்தேன். தூதர் தன் கோப்பையைத் தட்டில் சரியாக வைப்பதில் மும்முரமாக இருந்தார். அந்த அதிகாரி தன் உதவியாளரைத் திரும்பிப் பார்த்தார்.

“ஒன்பதா?” என்று கேட்டார்.

உதவியாளர் தலையைக் குனிந்துகொண்டார்.

“இல்லை,” என்றார் அதிகாரி என்னிடம். “சம்மதிக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தேன்.” பிறகு நான் கொடுத்த குறிப்பைத் தன் பக்கம் இழுத்து, முதல் வரியை மறுபடி படித்தார். “இப்போது சம்மதிக்கிறேன். இதுதான் பத்தாவது. இதை எழுதிக்கொள்ளுங்கள்.”

வாக்குமூலம் மறுபடி எடுத்தார்கள். நீதிமன்றத்தின் மொழிபெயர்ப்பாளர் வந்தார். நான் சுவரோரம் உட்கார்ந்தேன், வாயைத் திறக்கவில்லை. அதே பதினேழு வரிகள், இந்த முறை கேள்விகளாக. ஆமாங்க ஆறு. இல்லீங்க பத்து. தெரியலீங்க ஒன்று. முடிந்ததும் விசாரணை அதிகாரி, “வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா?” என்று கேட்கச் சொன்னார். சின்னப்பன் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். மேலதிகாரி எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்துத்தான் கிடங்கைத் திறந்திருக்கிறார். அந்தச் சீட்டு கிடங்குப் பதிவேட்டிலேயே ஒட்டியிருந்தது. அதுவரை யாரும் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கவில்லை, ஒப்புக்கொண்டவன் கையில் இருந்தபோது புரட்ட வேண்டிய தேவை என்ன?

ஒப்பந்தம் குறித்த நாளில் கையெழுத்தானது. படத்தில் நான் இல்லை. மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் வாக்குமூலம் எடுக்கக் கூடாது, அந்த ஆள் தூதரக ஊழியராக இருக்கவும் கூடாது என்று ஒரு வரி கடைசி நேரத்தில் அதில் சேர்ந்தது. எந்த நாடு கேட்டுச் சேர்த்தது என்று இரு தரப்பிலும் யாரும் சொல்வதில்லை. நம் தொழிலில் அதுவும் ஒரு வழக்கம்தான்.

பெருநாள் பட்டியல் அதற்குள் மூடிவிட்டது. சின்னப்பன் குற்றமற்றவர் என்று தீர்ப்பாகி வெளியே வர, பெருநாளுக்குப் பின் எழுபத்து மூன்று நாள் ஆயிற்று. மனுப் போட்டிருந்தால் அந்த எழுபத்து மூன்றும் இல்லை. அதை நான் எத்தனையோ விதமாகக் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டேன்.

ஓய்வு பெற்று ஊருக்கு வந்து நாலு மாதம் கழித்து ஒரு நாள் மதியம் அவர் வீட்டுக்குப் போனேன். முன்பே போயிருக்க வேண்டும். செசிலி வாசலில் புளி தட்டிக்கொண்டிருந்தார். இப்போது சின்னப்பனும் பக்கத்தில் உட்கார்ந்து கொட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார். அதே நாற்காலி. சொல்ல வந்ததைச் சொன்னேன். காவல் நிலையத்தில் அவசரப்பட்டது, ‘ஆம்’ என்று சொன்னது, அவர் கை தூக்கியபோது உட்காராமல் போனது, எழுபத்து மூன்று நாள், எல்லாவற்றையும். அவர் ஒவ்வொன்றுக்கும் சரிங்க என்றார். கடைசியில், “என்னை மன்னிக்கணுங்க,” என்றேன்.

“சரிங்க,” என்றார்.

மன்னித்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கலாம். நாலே கால் வண்டிக்குப் பத்து நிமிடம் இருந்தது. செருப்புக்குள் காலை விட்டேன். பிறகு எடுத்துவிட்டேன்.

“இப்ப நீங்க சொல்லுங்க,” என்றேன்.

அவர் கையில் இருந்த புளியைக் குவியலில் போட்டார். துண்டால் கையைத் துடைத்தார். “அந்த வியாழக்கெழம காத்தால…” என்று தொடங்கினார். கிடங்கின் பூட்டு எப்படி இறுகும், அதற்கு எண்ணெய் யார் விடுவது என்பதில் ஆரம்பித்து, சிறையில் யார் எந்தப் பக்கம் படுத்தார்கள், பெருநாள் அன்று பெயர் கூப்பிட்டபோது கூட இருந்த நால்வர் எழுந்து போனது, தனக்கு எப்படி இருந்தது என்பதுவரை எதையும் விடவில்லை. என்னைப் பற்றிச் சொன்னதும் அதில் இருந்தது. அதை இங்கே எழுதவில்லை. நாலே கால் வண்டி போனது. ஐந்து மணி வண்டியும் போனது. நான் சரிங்க, சரிங்க என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

செசிலி தட்டுவதை நிறுத்தாமல் என்னைப் பார்த்தார்.

“ஏனுங்க சாரு, நீங்க சொல்ற சரி சரிதானுங்களா, இல்ல கேட்டுக்கிட்டேன்னு சொல்றீங்களா?”

“கேட்டுக்கிட்டேன்னுதாம்மா.”

“அப்பச் சரிங்க,” என்று சொல்லிவிட்டு அடுத்த புளியை எடுத்தார்.